வானத்தில் நிறையத்தான் தெரிகிறது, பிறகு ஏன் குறைகிறது என்கிறார்கள்?

#1 ஓட்டைக்குடை
வணக்கம். பறவை விஷயத்தில் நான் கற்றுக்குட்டி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் எந்நேரமும் இரண்டு மூன்று பருந்தாவது வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. சில நாள் மாலையில் முப்பது நாற்பது வரை எண்ணியிருக்கிறேன். ஆனால் எதைப் படித்தாலும் 'கழுகுகள் அழிகின்றன', 'பருந்துகள் குறைகின்றன' என்றே இருக்கிறது. நான் பார்ப்பது பொய்யா, இவர்கள் எழுதுவது பொய்யா? வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

#2 கூர்விழி
இரண்டுமே பொய்யில்லை. நீங்கள் பார்ப்பது அனேகமாகக் கள்ளப்பருந்து. வால் நுனி மீன்வால் மாதிரி லேசாகப் பிளந்திருக்கிறதா? அப்படியென்றால் அதுவேதான். எலி, மீன் குடல், செத்தது, குப்பை, எது கிடைத்தாலும் தின்னும். ஆளைக் கண்டால் அஞ்சாது. மனிதக் கூட்டம் பெருகும் இடத்தில் அதற்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

ஆந்தைகளையும் பாறுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகள்) சேர்த்து, உலகில் உள்ள கொன்றுண்ணிப் பறவைகள் 557 இனம் என்று எடுத்துக்கொண்டு 2018-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதில் 52 சதவீத இனங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. 18 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளவை. அந்த 557-ல் உங்கள் தலைக்கு மேலே சுற்றுவது ஒன்று. காக்கையை மட்டும் பார்த்துவிட்டு 'பறவைகளுக்கு ஒரு குறையும் இல்லை' என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

#3 பழைய_சைக்கிள்
கூர்விழி தம்பி, இந்தச் சதவீதக் கணக்கெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து போடுவது. நான் இருபது வருடமாகப் புறா வளர்க்கிறேன். முன்பெல்லாம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வல்லூறிடம் போகும். இந்த ஆறு மாதத்தில் மட்டும் ஒன்பது போய்விட்டது. என் கூண்டைக் கேட்டால் வல்லூறு குறைந்ததா பெருகியதா என்று தெரியும். இதற்குப் பாதுகாப்பு வேறு!

#4 தாழம்பூ
பழைய_சைக்கிள் அண்ணா, கோபப்படாதீர்கள், நீங்கள் சொன்னதை 60 வருடத்துக்கு முன்பே அச்சு அசலாக ஒரு கூட்டம் சொல்லியிருக்கிறது. அதனால் நடந்த கதை இந்த இழைக்கு ரொம்பப் பொருத்தம்.

1960 வாக்கில் பிரிட்டனில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். பொரி வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறாவையெல்லாம் அடிக்கிறது, அதற்கான சட்டப் பாதுகாப்பை எடுத்துவிடுங்கள் என்றார்கள். அரசாங்கம் சரி, எவ்வளவு பெருகியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம் என்றது. 1961-62-ல் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் தலைமையில் நாடு முழுவதும் பாறை பாறையாகப் போய்ப் பார்த்தார்கள். பல தலைமுறையாக வல்லூறு கூடு வைத்த பாறைகள் காலியாகக் கிடந்தன. இருந்த ஜோடிகளிலும் பல குஞ்சே பொரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இருந்ததில் பாதிகூடத் தேறவில்லை என்று 1963-க்குள் தெரிந்துவிட்டது. 'பெருகிவிட்டது' என்ற புகாருக்காகப் போனவர்கள் அது அழிந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூட்டில் உடைந்த முட்டைகளைப் பார்த்திருக்கிறார். தாய்ப்பறவையே தன் முட்டையை உடைத்துத் தின்பதையும் பார்த்திருக்கிறார். ஓடு மெலிந்துவிட்டதோ என்று சந்தேகம். ஆனால் பழைய ஓட்டின் கனம் என்ன என்று யாருக்குத் தெரியும்? முட்டை சேகரிப்பது அந்தக் காலத்தில் அங்கே ஒரு பைத்தியம். முட்டையில் ஊசித் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டைத் தேதி எழுதி இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்பார்கள். துளை சின்னது, உள்ளே கருவியை விட்டு ஓட்டின் கனத்தை அளக்க வழியில்லை. அதனால் வெறும் முட்டையோட்டைத் தராசில் நிறுத்து, வந்த மில்லிகிராமை நீளம் பெருக்கல் அகலத்தால் வகுத்தார். ஒரே அளவு முட்டையில் ஓடு லேசாக இருந்தால் மெல்லியது என்று அர்த்தம். இப்படி ஒவ்வொரு ஓடாக நிறுத்து ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால், 1947 வாக்கில் கோடு சட்டென்று கீழே விழுகிறது. சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு ஓடு காணாமல் போயிருக்கிறது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வயலுக்கு வந்த காலம் அது. 1967-ல் இதை வெளியிட்டார்.

திருட்டு முட்டைச் சேகரிப்புதான் சாட்சி சொன்னது என்பது ஒரு வேடிக்கை.

#5 ஓட்டைக்குடை
அடேங்கப்பா. ஆனால் பூச்சிமருந்து அடித்தது வயலில், வல்லூறு தின்பது புறாவை. அங்கே எப்படி வந்தது?

#6 தாழம்பூ
புறா தின்னும் தானியத்தில் கொஞ்சம் இருக்கும். அது கொழுப்பில் தங்கிவிடும், வெளியேறாது. ஒரு வல்லூறு வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் பறவை தின்கிறது, அத்தனையின் கொழுப்பில் இருந்ததும் அதன் உடம்பில் சேர்கிறது. டி.டி.டி. உடம்புக்குள் டி.டி.இ. என்ற பொருளாக மாறி, ஓடு உருவாகும் இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து போகவிடாமல் தடுக்கிறது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கிவிடும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960-களின் நடுவில் ஒரு ஜோடிகூட மிஞ்சவில்லை. 1972-ல் அங்கே தடை, கூடவே கூண்டில் பொரித்துக் காட்டில் விடும் வேலை. 1999-ல் அந்த நாட்டின் அபாயப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்று பெரிய நகரங்களின் கோபுரங்களில் கூடு வைக்கிறது.

#7 பழைய_சைக்கிள்
கதை நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி. ஆனால் ஒன்று இடிக்கிறது. புறாக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்க முடியாதே. அவர்கள் புறாவை ஏதோ ஒன்று அடித்துத்தானே இருக்கிறது? முட்டை 1947-லேயே உடைய ஆரம்பித்தது என்றால் 1960-ல் அடிக்கப் பறவை ஏது?

#8 நெடுவானம்
நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய கொன்றுண்ணிகள் நீண்டநாள் வாழ்பவை. வல்லூறு பத்துப் பதினைந்து வருடம் இருக்கும், கழுகு இருபதைத் தாண்டும். ஒரு பறவை தன் ஆயுளில் தனக்குப் பதிலாக ஒரு பறவையைப் பெற்றுவிட்டால் போதும், எண்ணிக்கை நிற்கும். அதனால் குஞ்சே பிறக்காத ஐந்தாறு வருடம் போனாலும் வானத்தில் கிழங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, உதிரிப் பறவைகள். நல்ல பாறை, நல்ல மரம் எல்லாம் ஏற்கெனவே ஒரு ஜோடியின் கையில் இருக்கும். இடம் கிடைக்காத பறவைகள் ஓரமாகத் திரியும். ஜோடியில் ஒன்று செத்தால் மறு வாரமே ஓர் உதிரி வந்து உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் 'அதே பாறை, அதே ஜோடி'. உள்ளே கையிருப்பு கரைந்துகொண்டிருக்கும். உதிரிகள் தீர்ந்த பிறகுதான் பாறை காலியாவது கண்ணில் படும்.

இன்னொன்றும் நடந்தது. பிரிட்டனில் 1950-களின் பின்பாதியில் டீல்ட்ரின் வகை விஷத்தில் விதையைப் புரட்டி விதைத்தார்கள். அது டி.டி.டி. மாதிரி முட்டையோட்டோடு நிற்கவில்லை, பறவையையே நேராகக் கொன்றது. முட்டையால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது திடீரென்று சரிந்ததற்குக் காரணம் இதுதான். புறாக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அவர்கள் புறாவை அடித்த பறவையை. அடிக்காத பறவையை யார் எண்ணுவார்கள்?

#9 மழைமானி
ஐயா, அப்படியென்றால் சரிவை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழியே இல்லையா?

#10 நெடுவானம்
இருக்கிறது. தலையை எண்ணாதே, வயதை எண்ணு.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்ற மலைமுகடு. இலையுதிர்காலத்தில் கொன்றுண்ணிகள் அதன் மேலாக வலசை போகும். ஒரு காலத்தில் அங்கே துப்பாக்கியோடு வந்து பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளுவார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையையே கைவசப்படுத்திச் சுடுவதை நிறுத்தினார். காவலுக்கு வைத்த மோரிஸ் ப்ரவுன் என்பவர் சும்மா இருக்கவில்லை, போகிற பறவையை எல்லாம் எண்ணி எழுதினார். 1935-39-ல் அவர் பார்த்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசுகள். 1955-59-ல் அது 20 சதவீதம். 1957-ல் மட்டும் பார்த்தால் 32 பெரிய பறவைக்கு ஒரே ஓர் இளசு. மொத்தத்தை மட்டும் எழுதியிருந்தால் இந்த விஷயம் அவர் நோட்டில் இருந்திருக்கவே இருக்காது.

வெண்தலைக் கழுகில் இது சுலபம். தலையும் வாலும் வெளுக்க ஏறத்தாழ ஐந்து வருடம் ஆகும், அதுவரை பழுப்பு. வல்லூறு வகையில் நெஞ்சைப் பாருங்கள். இளசுக்குக் கோடு நெடுக்காக ஓடும், முதிர்ந்ததற்குக் குறுக்காக ஓடும்.

#11 மழைமானி
ஒரே நேரத்தில் ஐநூறு பறவை சுற்றினால் எப்படி ஐயா எண்ணுவீர்கள்? எனக்கு இருபதுக்கு மேல் தலை சுற்றிவிடும்.

#12 நெடுவானம்
சுற்றும்போது எண்ணவே கூடாது. வெயிலில் சூடான காற்று மேலே எழும். அதில் இறக்கையை விரித்து, அடிக்காமல், பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று ஏறும். அப்போது அது கொதிக்கும் பானை மாதிரி இருக்கும், எது எங்கே என்று தெரியாது. உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக வரிசை கட்டி ஒரே திசையில் சறுக்கிக்கொண்டு இறங்கும். இரு கண் நோக்கியை அந்த வரிசையின் குறுக்கே அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு பறவைக்கும் விரலுக்கடியில் எண்ணும் கருவியை ஒரு சொடுக்கு. கூட்டம் பெரிதென்றால் பத்துக்கு ஒரு சொடுக்கு. கண் கருவிப் பக்கம் போகக்கூடாது, போனால் கணக்கு போச்சு. நான் முதல் நாள் 214 எண்ணினேன், பக்கத்தில் நின்றவர் அதே கூட்டத்தை 305 என்றார். நான் சுற்றும் பானையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெக்ஸிகோவின் வெராக்ரூஸில் ஒரே இலையுதிர்காலத்தில் 40 லட்சத்துக்கு மேல் கொன்றுண்ணிகள் இப்படித்தான் எண்ணப்படுகின்றன. ஜார்ஜியா நாட்டின் பாத்தூமியில் 10 லட்சத்துக்கு மேல்.

#13 கூர்விழி
நெடுவானம் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வலசைக் கணக்கைக் கொஞ்சம் தூக்கி வைக்கிறார் என்று தோன்றுகிறது. வட அமெரிக்காவில் ஷார்ப்-ஷின்ட் ஹாக் என்ற சின்ன வல்லூறு. கிழக்குக் கரையோர எண்ணும் இடங்களில் அது குறைந்துவிட்டது என்று பரபரப்பு. ஒரு காரணம் என்னவென்று பார்த்தால், குளிர்காலத்தில் ஆட்கள் வீட்டு முற்றத்தில் சிட்டுகளுக்குத் தீனி வைக்கிறார்கள், சிட்டுகள் அங்கேயே தங்குகின்றன, அவற்றைத் தின்ன இதுவும் வடக்கிலேயே தங்கிவிடுகிறது. பயணமே புறப்படாத பறவை மலைமுகட்டில் எப்படித் தெரியும்?

பனி ஆந்தை கதை இதற்கு நேர்மாறு. உலகில் கிட்டத்தட்ட 3 லட்சம் இருக்கும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. லெம்மிங் என்ற எலி எங்கே பெருகுகிறதோ அங்கே போய்க் கூடு வைக்கும். ஒரு வருடம் ஓரிடத்தில் எண்ணிய அதே ஆந்தையை மறு வருடம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொருவர் எண்ணுவார். இதையெல்லாம் கழித்தால் சுமார் 28,000 என்று ஆனது. 2017-ல் அபாய நிலைக்கு உட்படக்கூடிய இனம் என்று அறிவித்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு செத்துப்போனதால் வந்த எண் இல்லை இது, காகிதத்தில் மட்டும் இருந்த பறவைகள் மறைந்ததால் வந்த எண்.

#14 நெடுவானம்
தம்பி சொல்வதில் தவறில்லை. ஒரே ஓர் இடத்துக் கணக்கை வைத்து உலகத் தீர்ப்பு எழுதினால் நீங்கள் சொன்ன பள்ளத்தில்தான் விழுவோம். ஆனால் ஷார்ப்-ஷின்ட் விஷயத்திலும், 'இது போகவில்லை, அங்கேயே தங்கிவிட்டது' என்று பிரித்துச் சொல்ல முடிந்தது வடக்கே குளிர்காலத்தில் வேறு ஆட்கள் எண்ணிக்கொண்டிருந்ததால்தான். எண்ணுவதை விடுவதற்கு அது காரணம் ஆகாது.

#15 நெறியாளர்
இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. குஞ்சு எங்கே கிடைக்கும், எப்படி வளர்ப்பது என்ற கேள்விகளுக்கு இந்த மன்றத்தில் இடமில்லை.

#16 ஓட்டைக்குடை
பாறுகளைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே. அதுதானே பெரிய கதை?

#17 கால்நடைக்காரன்
நான் கால்நடை மருத்துவம் படித்தவன், அதனால் இதை நான் சொல்வதுதான் முறை. எங்கள் தொழிலில் பயன்பட்ட ஒரு மருந்துதான் காரணம்.

தெற்காசியாவில் 1990-களில் பாறுகள் மரத்திலேயே கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்து பொத்தென்று விழுந்தன. முதலில் ஏதோ வைரஸ் என்றே எல்லோரும் தேடினார்கள். 2004-ல் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரின் குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வில் குற்றவாளி பிடிபட்டது: டைக்ளோஃபினாக். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடும் ஊசி. மாடு செத்தால் உடம்பில் மருந்து மிச்சம் இருக்கும், அதைத் தின்ற பாறின் சிறுநீரகம் போய்விடும். அப்படிச் செத்த ஒரு பறவையை அறுத்தபோது பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் அது. விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும்.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே 99.9 சதவீதம் குறைந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். 'அப்படியென்றால் எல்லா மாட்டுக்கும் அந்த ஊசி போட்டிருக்க வேண்டுமே' என்பார்கள். இல்லை. நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் விஷ அளவு மருந்து இருந்தால் போதும், இந்தச் சரிவு நடந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நீங்களே போட்டுப் பாருங்கள். பாறு மூன்று நாளைக்கு ஒரு வேளை தின்கிறது என்று வையுங்கள், வருடத்துக்கு 120 வேளை. 200 பிணத்தில் ஒன்று விஷம். ஒவ்வொரு வேளையும் தப்பிக்க 200-க்கு 199 வாய்ப்பு. அதை 120 தடவை பெருக்கினால் வருடக் கடைசியில் நூற்றுக்கு 55 பறவைதான் இருக்கும். அந்த வேகத்தை, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை எப்படி ஈடுகட்டும்?

#18 பழைய_சைக்கிள்
டாக்டர் தம்பி, தடை செய்துவிட்டார்கள்தானே? அப்புறம் திரும்பி வந்துவிட்டதா?

#19 கால்நடைக்காரன்
2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றிலும் கால்நடைக்குப் போடத் தடை வந்தது. மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து பாறுக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மனிதருக்கான டைக்ளோஃபினாக் பெரிய குப்பியில் கிடைத்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல்தான் இந்தியாவில் மனிதர் மருந்தை 3 மில்லிக் குப்பிக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். அதற்குள் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் என்று வேறு மருந்துகள் பிரபலமாகிவிட்டன, அவையும் பாறுகளைக் கொல்பவை. அவற்றுக்குத் தடை வந்தது 2023-ல். ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவு. விழுந்த வேகம் நின்றிருக்கிறது. பழைய கூட்டம் திரும்பி வந்ததா என்றால் இல்லை.

#20 தாழம்பூ
ஆப்பிரிக்காவில் மருந்து கூட இல்லை, வேண்டுமென்றே வைக்கும் விஷம். யானையைத் திருட்டுத்தனமாகக் கொன்றால் சிறிது நேரத்தில் வானத்தில் பாறு வட்டமிடும், அதைப் பார்த்து வனக்காவலர் வந்துவிடுவார். அதனால் கொன்ற யானையின் உடம்பிலேயே விஷத்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். 2019-ல் போட்ஸ்வானாவில் மூன்று யானைப் பிணங்களைச் சுற்றி 537 பாறுகள் செத்துக் கிடந்தன. ஒரே சம்பவம்.

2024-ல் ஆப்பிரிக்காவின் 42 கொன்றுண்ணி இனங்களைச் சாலையோரக் கணக்கு வைத்துப் பார்த்தார்கள். முன்பு ஓட்டிய அதே சாலைகளில் மறுபடி வண்டி ஓட்டி எண்ணுவதுதான் முறை. 20 முதல் 40 ஆண்டு இடைவெளியில் 88 சதவீத இனங்கள் குறைந்திருக்கின்றன. பெரிய உடம்புக்காரப் பறவைகளே அதிகம் அடிபட்டவை. காப்புக்காட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம்.

#21 வேகத்தடை
எல்லாவற்றுக்கும் காற்றாலைதான் காரணம். ரெக்கை வெட்டிக் கொல்கிறது. அதைப் பற்றி யாரும் பேசமாட்டீர்கள்.

#22 கூர்விழி
பேசலாமே. தவறான இடத்தில், வலசைப் பாதையிலோ மலைமுகட்டிலோ வைத்த காற்றாலை கழுகைக் கொல்கிறது, அது உண்மை. ஆனால் 'எல்லாவற்றுக்கும்' என்று சொல்லாதீர்கள். சாதாரண மின்கம்பம் இன்னும் பரவலான கொலைகாரன். அதுவும் வானளாவிய உயரழுத்தக் கோபுரம் அல்ல, அதில் கம்பிகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஊருக்குள் ஓடும் நடுத்தர அழுத்தக் கம்பம்தான். குறுக்குச் சட்டம் இரும்பு, அதற்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இரண்டு சாண் இடைவெளி. மரமே இல்லாத புல்வெளியில் உட்கார வேறு இடம் ஏது? கழுகு வந்து உட்காரும். பறக்க இறக்கையை விரிக்கும்போது ஒரு நுனி கம்பியில் படும், கால் இரும்பில் இருக்கும். அவ்வளவுதான். சிட்டு அதே கம்பியில் நாள் முழுக்க உட்காரலாம், அதன் உடம்பு இரண்டையும் எட்டாது. மங்கோலியாவின் புல்வெளியில் சேக்கர் வல்லூறுகள் இப்படித்தான் ஏராளமாகச் செத்தன. கம்பிக்கு உறை போட்டால் தீர்ந்தது, தத்துவ விவாதம் எதுவும் தேவைப்படாத வேலை.

#23 மழைமானி
நல்ல சேதி ஒன்றாவது சொல்லுங்கள். செம்பருந்தை பிரிட்டனில் மீட்டெடுத்தார்களாமே?

#24 கூர்விழி
அது நம் செம்பருந்து இல்லை மழைமானி! வெள்ளைத் தலையும் செங்கல் நிறமும் கொண்ட நம் பறவை வேறு. அவர்கள் சொல்வது ரெட் கைட், பிளந்த வாலுள்ள வேறு பருந்து. மொழிபெயர்த்துப் போடுகிறவர்கள் எல்லோரையும் குழப்பிவிட்டார்கள்.

விஷயம் உண்மைதான். வேல்ஸில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1989 முதல் ஸ்வீடன், ஸ்பெயின் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் விட்டார்கள். இப்போது ஆயிரக்கணக்கான ஜோடி. ஸ்பெயினின் ஒரு பகுதியில் அது அருகியதால் 2022-ல் இங்கிலாந்திலிருந்து குஞ்சுகளைத் திருப்பி அனுப்பினார்கள். வாங்கிய கடனை வட்டியோடு அடைத்த மாதிரி.

வெண்தலைக் கழுகையும் சொல்ல வேண்டும். அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டு, மீதி 48 மாநிலங்களில் 1963-ல் 417 ஜோடி. 2019 கணக்கில் 3 லட்சத்தைத் தாண்டிய பறவைகள்.

#25 நெடுவானம்
நல்ல சேதிக்கு நடுவே குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மீட்பு என்பது ஒருமுறை செய்து முடித்துப் பூட்டி வைக்கும் வேலை இல்லை. மொரீஷியஸ் சிறுவல்லூறு 1974-ல் காட்டில் நான்கே நான்கு. கூண்டில் பொரித்து, பெட்டி வைத்து, தீனி போட்டுப் பல நூறு ஆக்கினார்கள். உலகமே கொண்டாடியது. 2014-ல் மறுபடி அருகும் இனமாக வகை மாற்ற வேண்டியதாயிற்று.

கலிஃபோர்னியா காண்டார் இன்னும் சிரமம். 1982-ல் 22. 1987-ல் காட்டில் மிச்சம் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள், ஒரு இனத்தையே காட்டிலிருந்து எடுத்தார்கள். 1992 முதல் திரும்ப விடுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முட்டை போடும் பறவை. வேட்டைக்காரன் மானைச் சுட்டுவிட்டுக் குடலைப் போட்டுப் போவான், அதில் ஈயக் குண்டின் துணுக்கு இருக்கும், அதைத் தின்று சாகும். பிடித்து ரத்தத்தைச் சோதித்து, ஈயம் இருந்தால் சிகிச்சை செய்து மறுபடி விட வேண்டும், ஆண்டுதோறும். 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து ஒரே கூட்டத்தில் 21 போயின. கூர்விழி சொன்ன வெண்தலைக் கழுகுகூட, 2022-ல் அதையும் பொன்னாங்கழுகையும் 38 மாநிலங்களில் சோதித்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பறவைகளின் எலும்பில் நாள்பட்ட ஈய விஷம்.

#26 பழைய_சைக்கிள்
சரி. இருபது வருடக் கணக்கு என்று முதலில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் என்னிடம் இருப்பது போன புறாவின் கணக்கு, வந்த வல்லூறின் கணக்கு இல்லை. நெடுவானம் சார், என் கூண்டுக்கு மேலே நான் எண்ணினால் ஏதாவது பயன் உண்டா? சும்மா கேட்கிறேன்.

#27 நெடுவானம்
உண்டு. மூன்றே நிபந்தனை. ஒரே இடம், ஒரே நேரம், தினமும் அதே ஒரு மணி. எதுவும் வராத நாளில் சும்மா விடாமல் பூஜ்ஜியம் என்று எழுத வேண்டும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நெஞ்சுக் கோடு நெடுக்கா குறுக்கா என்று பாருங்கள். இறக்கையில் விழுந்த இறகு, உடைந்த இறகு இருந்தால் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

#28 பழைய_சைக்கிள்
நான்கு வாரம் ஆயிற்று. நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன்.

28 நாளில் 17 நாள் பூஜ்ஜியம். 11 நாள் வல்லூறு வந்தது, எல்லா நாளும் ஒன்றே ஒன்று. ஒன்பது நாள் இடது இறக்கையில் வெளிப்பக்கம் இருந்து மூன்றாவது இறகு பாதியோடு முறிந்திருந்தது தெளிவாகத் தெரிந்தது. மீதி இரண்டு நாள் வேகமாகப் போய்விட்டது, பார்க்க முடியவில்லை. பாழாய்ப்போன ஒரே பறவைதான் என் ஒன்பது புறாவையும் தின்றிருக்கிறது போல.

நெஞ்சில் கோடு நெடுக்கு.

#29 நெடுவானம்
இளசு. போன பருவத்தில் பொரித்ததாக இருக்கும். வேகமாகப் பறக்கும் காட்டுப் பறவையைத் துரத்தப் பழகுவதற்குள், கூண்டருகே புறா சுலபம் என்று கண்டுகொண்டிருக்கிறது. புறாவைத் திறந்துவிடும் நேரத்தைத் தினமும் மாற்றிப் பாருங்கள், அது உங்கள் மணிக்கணக்கைக் கற்று வைத்திருக்கும். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும்போது அந்த முறிந்த இறகும் போய்விடும், அதற்குள் வேறு அடையாளம் ஏதாவது பிடித்து வையுங்கள்.

#30 பழைய_சைக்கிள்
நேரம் மாற்றிவிட்டேன். அலகுக்கு மேலே மஞ்சள் தோலில் வலப்பக்கம் ஒரு வெட்டு இருக்கிறது, பேரனின் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். நோட்டு தொடர்கிறது. இன்று பூஜ்ஜியம்.